வளைவில் சாயாத கார்

கராஜில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களிடம் முதல் மாதமே இந்த மாதிரி ஒரு ஆள் வந்திருப்பார். போனில் ஒரு வீடியோவைக் காட்டியிருப்பார். அதில் ஒரு சின்னக் கார் மலைப்பாதை வளைவைத் தண்டவாளத்தில் போவது போல எடுக்கும். "நம்ம வண்டியையும் இப்படிச் செய்யலாமா, ரொம்பச் செலவில்லாம?" என்று கேட்டிருப்பார். அவருடைய வண்டியோ அந்த வகையிலேயே ஆகக் குறைந்த மொடலாக இருக்கும். இறக்குமதி நின்று விலை ஏறிய நாளிலிருந்து, இருக்கிற காரையே நல்ல காராக மாற்றிக்கொள்ளத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அதில் தப்பில்லை.

செய்யலாம். முதலில் டயர். பிறகு தேய்ந்த ரப்பர் புஷ்கள், எண்ணெய் கசிகிற ஷொக் அப்சோபர்கள். இவ்வளவு சரியானாலே பாதி வண்டிகள் சாய்வதை நிறுத்திவிடும். அதற்கும் அடங்காவிட்டால், மேல் மொடலில் இருக்கிற, இதில் இல்லாத ஸ்டெபிலைசர் பார், அதாவது இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைக்கிற அந்தக் கம்பி. விபத்தில் அடிபட்ட வண்டியிலிருந்து மலிவாகக் கழற்றி வாங்கலாம். ஸ்பிரிங்கில் கை வைப்பது கடைசி. பெரும்பாலும் அதற்குத் தேவையே வராது.

இந்த வரிசை எனக்கு முப்பது வருடத்துக்கு மேலாகத் தெரியும். தெரிந்திருந்தும் ஒரு காரில், தேவையில்லாத இடத்தில், அந்தக் கடைசி வேலையையும் செய்தேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைக்கிறேன். கராஜில் இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் கார்க்காரரை மரியதாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் அதுவல்ல. யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலை பெக்டரியில் டீமேக்கர், அதாவது கொழுந்தைத் தூளாக்குகிற வேலைக்குப் பொறுப்பானவர். ஐம்பது வயதைத் தாண்டியவர், சத்தமாகப் பேசத் தெரியாதவர். அவருடைய மனைவியைத் தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சராகத் தூரத்திலிருந்து எனக்குத் தெரியும். அவர்களை ஸ்டெல்லா டீச்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் வெள்ளை நிறம், கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்குகிற சாதாரண மொடல்.

ஒரு காலையில் அதைக் கொண்டுவந்து நிறுத்தினார். சிங்கள ஆட்களைப் போல அவரும் மெக்கானிக்கை பாஸ் என்றுதான் கூப்பிடுவார்.

"பாஸ், வளைவுல வண்டி ரொம்ப சாயுதுங்க. சாயாத மாதிரி செய்ய முடியுமா?"

"எவ்வளவு வேகத்துல எடுக்குறீங்க?"

"வேகமெல்லாம் இல்லீங்க. மெதுவாப் போனாலும் சாயுது. வீட்டுல உள்ளவங்களுக்கு ஒத்துக்கல."

நான் சிரித்தேன். "வாந்தி வருதா? அதுக்கு டீச்சருக்கு ஒரு மாத்திரை குடுத்தாப் போதுமே. வண்டியில எதுக்குக் கை வைக்கணும்?"

"மாத்திரை ஏற்கனவே நிறைய சாப்பிடுறாங்க பாஸ்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் காரைப் பார்த்தார்.

அந்த இடத்தில் நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, என்ன மாத்திரை, யாருக்கு என்ன என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வேக ஆசையை வைத்துக்கொண்டு மனைவியைச் சாக்காகச் சொல்கிற ஆண்களை நான் நிறையப் பார்த்திருந்தேன். இவரையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன். அவரும் மேலே ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுச் சங்கதி பஜாரில் பேச்சாவது டீச்சருக்குப் பிடிக்காது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வேலையை ஒழுங்காகத்தான் தொடங்கினேன். டயர்கள் நன்றாக இருந்தன. முன்பக்க ஷொக் இரண்டும் செத்திருந்தன. மாற்றினேன். புஷ்களை மாற்றினேன். அடிபட்டுக் கிடந்த மேல் மொடல் ஒன்றிலிருந்து பாரைக் கழற்றிப் பூட்டினேன். பிறகு ரப்பர் காட்டுப் பக்கம் ஏறுகிற பாதையில் ஓட்டிப் பார்த்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ கொஞ்சம் சாய்ந்தது, அவ்வளவுதான். குழியில் இறங்கினாலும் மெத்தென்று இறங்கியது. அந்த மனிதர் கேட்ட வண்டி அங்கேயே தயாராகிவிட்டது.

என் மேசைக்கு அடியில் ஒரு பெட்டி கிடந்தது. அதில் நான்கு ஸ்பிரிங்குகள், அதே வகைக் காரின் கார்ப்பந்தய ரகத்தில் வருபவை. உயரம் குறைந்து கட்டையானவை, இறுக்கமானவை. யாரோ பாவித்துக் கழித்த சாமான்களோடு வந்தவை. இரண்டு மாதமாக அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பூட்டிப் பார்க்க ஒரு வண்டி அமையாமல். எனக்குக் கை அரித்தது. வேறு காரணம் இல்லை. அவர் கேட்கவுமில்லை, வண்டிக்குத் தேவையுமில்லை. அன்று மத்தியானம் பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றி இவற்றைப் பூட்டினேன்.

அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அதே பாதையில் ஓட்டினேன். கார் தரையோடு ஒட்டிக்கொண்டு திரும்பியது. மூன்றாவது வளைவில், கதவுப் பிடியைப் பற்றியிருந்த கையை அவர் எடுத்துவிட்டார்.

"சாயவே இல்லையே பாஸ்."

அந்தச் சந்தோஷத்தை எனக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டேன். பஜார் பக்கம் திரும்பியதும் பாதை கெட்டுப்போன இடத்தில் வண்டி இரண்டு தடவை எகிறியது.

"கொஞ்சம் தூக்கிப் போடுற மாதிரி இருக்குங்களா?"

"இந்த ஸ்பிரிங் அப்படித்தாங்க இருக்கும். பழகிடும்."

முதலாளி அந்தக் காரைப் படம் பிடித்துக் கராஜின் பேஸ்புக் பக்கத்தில் போட்டார். அடுத்த வாரத்திலிருந்து எஹலியகொடையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். என் பெயரைச் சொல்லி, அந்தக் கையால்தான் வேலை நடக்க வேண்டும் என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இந்த வயதில் அதை மறைக்க வேண்டியதில்லை.

பத்து நாள் கழித்து மரியதாஸ் வந்தார். நான் இன்னொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். எனக்குத் தெரிந்தது அவருடைய கால் சப்பாத்துகள் மட்டும்தான்.

"பாஸ், அந்தக் குலுக்கல் குறையலைங்க."

"டயர்ல காத்து கூட இருக்கும். கொஞ்சம் குறைச்சுப் பாருங்க" என்று அடியிலிருந்தே சொன்னேன்.

அந்தச் சப்பாத்துகள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றன. பிறகு திரும்பிப் போயின. வெளியே வர எனக்கு ஒரே ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும்.

அவருடைய பழைய ஸ்பிரிங்குகளைச் சுவரோரம் வைத்திருந்தேன். மூன்றாவது வாரம் அதே மொடல் கார் ஒன்று ஸ்பிரிங் உடைந்து வந்தது. எடுத்துப் பூட்டி அனுப்பிவிட்டேன். நல்ல ஸ்பிரிங்குகள். அவற்றில் ஒரு சின்ன வெடிப்புக்கூட இருக்கவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதைப் பற்றி நான் பின்னால் பொய் சொன்னேன்.

மேலும் இரண்டு மாதம் போனது. ஒரு வாரநாள் முற்பகலில் மரியதாஸ் போன் செய்தார். கரவனெல்லைக்கும் அவிசாவளைக்கும் நடுவில் முன் டயர் வெடித்துவிட்டது என்றார். மாற்று டயர் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் மாற்ற முடியவில்லை, நீங்களே வர முடியுமா என்றார். டயர் மாற்றத் தெரியாத ஆள் இல்லையே என்று யோசித்துக்கொண்டே கராஜ் வேனை எடுத்துக்கொண்டு போனேன்.

கார் ஓரமாக நின்றது. பின் சீட்டில் ஸ்டெல்லா டீச்சர் நீட்டிப் படுத்திருந்தார்கள். முதுகுக்கும் முழங்காலுக்கும் அடியில் தலையணைகள். நான் பார்த்த டீச்சரில் பாதிதான் இருந்தார்கள். மரியதாஸ் என்னை நாலடி தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னார். புற்றுநோய், முதுகெலும்புக்குப் பரவியிருக்கிறது. வாரா வாரம் கொழும்புக்குக் கிளினிக் போக வேண்டும். உட்கார முடியாது. வேன் ஒன்றை அமர்த்திப் பார்த்தார்கள், அதில் இன்னும் மோசம். ஜாக்கியை வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கினால் கார் சரியும், அவர்களுக்கு முதுகு திருகிவிடும் என்று பயந்துதான் கை வைக்காமல் நிற்கிறார்.

வெடித்த டயரைப் பார்த்தேன். குழியின் விளிம்பில் மோதியிருக்கிறது. ஸ்பிரிங் கட்டையாகவும் இறுக்கமாகவும் இருந்ததால் அடியை அது வாங்கவில்லை. டயர் வாங்கியிருக்கிறது. டயர் வாங்காததை எல்லாம் பின் சீட்டில் படுத்திருந்தவர்கள் வாங்கியிருக்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வேனில் சக்கரம் வைத்த தள்ளு ஜாக்கி இருந்தது. பக்கவாட்டில் வைக்காமல், முன்பக்கம் நடுவில், குறுக்குச் சட்டத்துக்கு அடியில் வைத்தேன். இரண்டு முன் சக்கரமும் ஒன்றாக மேலே வரும், சரியாது. ஒவ்வொரு அழுத்துக்கும் நிறுத்தி, "டீச்சர், சரியா?" என்று கேட்டேன்.

"சரி பாஸ். பள்ளிக்கூடத்துல ஆஜர் எடுக்கிற மாதிரி இருக்கு" என்றார்கள் உள்ளேயிருந்து.

டயரை மாற்றினேன். நான்கு டயரிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கினேன். மெதுவாகப் போனால் அது கொஞ்சம் தாங்கும். வேனைப் பக்கத்துக் கடையில் சொல்லி நிறுத்திவிட்டு மரியதாஸிடம் சொன்னேன்: "நீங்க பின்னால கீழ உக்காந்து அவங்களைப் பிடிச்சுக்குங்க. நான் ஓட்டுறேன்."

கொழும்பு வரைக்கும் நான் ஓட்டினேன். முப்பது வருடமாக எனக்குத் தெரிந்த பாதை. அன்றைக்கு அதைப் புதிதாகப் பார்த்தேன்.

"இப்ப ஒரு அரச மரம் வரும் பாஸ், கிளையில கொடி கட்டியிருப்பாங்க" என்றார்கள் டீச்சர். படுத்த இடத்திலிருந்து அவர்களுக்கு ஜன்னலில் தெரிந்தது மர உச்சிகளும் கம்பி வயர்களும் விளம்பரப் பலகைகளின் தலைப்பும்தான். "அது தாண்டினதும் இடது பக்கம் பெரியவன். வலது பக்கமா எடுங்க."

பெரியவன் என்றால் குழி. ஒவ்வொரு குழிக்கும் பெயர் வைத்திருந்தார்கள். பெரியவனுக்குப் பிறகு இரட்டைப் பிள்ளைகள். பாலத்து மூட்டில் ஹெட்மாஸ்டர், ஏனென்றால் அவரைத் தவிர்க்கவே முடியாது. நான் அவர்கள் சொல்லச் சொல்ல ஓட்டினேன். விலக முடிந்த இடத்தில் விலகினேன். விலக முடியாத இடத்தில் வேகத்தை நடை அளவுக்குக் குறைத்தேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

வண்டிச் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அன்றைக்கு எனக்குக் கேட்டது, ஒவ்வொரு குழிக்கும் முன்னால் பின் சீட்டில் ஒரு மூச்சு நிற்பதும், தாண்டிய பிறகு அது மெல்ல வெளியே வருவதும். டீச்சர் ஒரு தடவைகூடச் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அவிசாவளை தாண்டி வளைவுகள் வந்தபோது அவர்களே பேசினார்கள்.

"வளைவெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு பாஸ். முந்தி ஒவ்வொரு வளைவுலயும் சீட்டுல இருந்து உருண்டு விழப் பாப்பேன். இவரு ஒரு கையை பின்னால போட்டு என்னைப் பிடிச்சுக்கிட்டே ஓட்டுவாரு. இப்ப ரெண்டு கையாலயும் ஓட்டுறாரு."

அப்போதுதான் அவர் எதற்காக என்னிடம் வந்தார் என்பது எனக்கு முழுதாக விளங்கியது. "சரிங்க டீச்சர்" என்றேன்.

டீச்சரை உள்ளே கொண்டுபோன பிறகு, ஆஸ்பத்திரி முற்றத்தில் ஒரு மரத்தடியில் நாங்கள் இருவரும் நின்றோம். மரியதாஸ் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பழைய ஸ்பிரிங் இருக்குங்களா பாஸ்? திரும்பப் போட்டுட்டா..."

நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "நான்தானே கேட்டேன். சும்மா இருந்த வண்டியை மாத்தச் சொல்லி நான்தானே வந்து நின்னேன். இன்னிக்கோட பதினோரு தடவை பாஸ். ஒவ்வொரு தடவையும் போறப்பவும் குலுக்கல், வர்றப்பவும் குலுக்கல். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. நான் கண்ணாடியில பாத்துக்கிட்டே வருவேன்."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. நீங்கள் ஸ்பிரிங்கை மாற்றச் சொல்லவே இல்லை, அது என்னுடைய ஆசை, உங்களுடைய ஸ்பிரிங் நல்லதாக இருந்தது, அதை இன்னொருவனுக்குப் பூட்டிவிட்டேன். நாலு வசனம்.

"பழைய ஸ்பிரிங் வெடிச்சிருந்துச்சுங்க" என்றேன். "அதை வெச்சுக்கிட்டு ஓட்டவே கூடாது. நீங்க கேக்காட்டியும் மாத்தித்தான் இருப்பேன்."

அவர் என்னையே பார்த்தார். "அப்படிங்களா" என்றார். சற்றுக் கழித்து மறுபடியும், "அப்ப எப்படியும் மாத்தியே ஆகணும், அப்படிங்களா" என்றார். அவருடைய தோள் இறங்கியது. ஒரு கட்டையில் உட்கார்ந்து அழுதார்.

அவருக்காகச் சொன்னேனா, எனக்காகச் சொன்னேனா என்று இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாளே எஹலியகொடைக்குப் போய், பாவித்த சாமான் விற்கிற யார்டு ஒன்றில் தேடினேன். "எல்லாரும் கட்டை ஸ்பிரிங் கேட்டு வர்றாங்க, நீ சாதா ஸ்பிரிங்குக்கு அலையுறியே" என்று யார்டுக்காரர் சிங்களத்தில் கேலி செய்தார். நான்கையும் பொறுக்கி எடுத்துவந்து, அந்த வாரமே பூட்டினேன். பாரையும் ஷொக்குகளையும் அப்படியே விட்டேன். முதல் தடவை ரப்பர் காட்டுப் பாதையில் ஓட்டிப் பார்த்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. கூலி வேண்டாம் என்றேன். அதற்கும் அவர் நன்றி சொன்னார்.

அடுத்த கிளினிக் நாளில் போன் வந்தது. ரகசியம் பேசுவது போலப் பேசினார்.

"பாஸ், அவிசாவளை வர்றதுக்குள்ள தூங்கிட்டா. இப்பவும் தூங்குறா. எழுப்ப மனசில்லாம ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன்."

அதற்கு அடுத்த வாரமும் தூங்கிக்கொண்டே போனார்களாம். மூன்றாவது வாரம் வார்டில் சேர்த்தார்கள். திரும்பி வரவில்லை.

நான் சொல்ல வருவது ஸ்பிரிங்கைப் பற்றி இல்லை. கழற்றிய சாமானைச் சொந்தக்காரரிடம் காட்டாமல் கைமாற்றாதீர்கள். அதைச் சட்டமாகவே வைத்துக்கொள்ளலாம், சுலபம். சுலபமில்லாதது வேறு. வண்டிக்காரர் தயங்கித் தயங்கி ஒரு குறை சொன்னால், அவர் சொன்னதை நாம் ஏற்கனவே தெரிந்த கதைக்குள் போட்டு மூடிவிடுகிறோம். எனக்கு அவர் மூன்று தடவை வாய்ப்புக் கொடுத்தார். வீட்டில் உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார், தூக்கிப் போடுகிறது என்றார், குறையவில்லை என்றார். மூன்றுக்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. கேள்விதான் இருக்கவில்லை. அந்த வண்டியில் யார், எப்படி இருந்து போகிறார்கள் என்று ஒரே ஒரு கேள்வி. கைக்கு எவ்வளவு திறமை இருக்கிறதோ அந்த அளவுக்கு அது கேட்காமல் வேலை செய்யத் துடிக்கும். உங்களில் கெட்டிக்காரர்களைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

டீச்சரின் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசைக்குப் பிறகு, உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து தோட்டத்துக்குப் போனேன். அவருடைய குவாட்டர்ஸ் பெக்டரிக்குப் பின்னால் இருந்தது. போகிற வழியெல்லாம் அந்த நாலு வசனத்தையும் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் என்னை உட்காரவைத்து, தானே டீ ஊற்றிக் கொண்டுவந்தார். டீச்சரின் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்தது.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் பேசினார்.

"அந்தப் பதினோரு தடவையையும் நினைச்சா மனசு ஆறாது பாஸ். நான் பாட்டுக்கு ஆசைப்பட்டு வண்டியை மாத்தி அவளை வதைச்சிட்டேனோன்னு தோணும். அப்புறம், ஸ்பிரிங் வெடிச்சிருந்துச்சு, எப்படியும் மாத்தித்தானே ஆகணும்னு நீங்க சொன்னது ஞாபகம் வரும். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். வெடிச்சுத்தானே இருந்துச்சு?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். டீயைக் குடித்து முடித்தேன். கிளம்பும்போது உள்ளே போய் ஒரு பொதி கொண்டுவந்தார். அந்த வாரம் பெக்டரியில் எடுத்ததிலேயே நல்ல தேயிலை.

"நீங்க இல்லாட்டி அந்தக் கடைசி ரெண்டு தடவையும் அவ தூங்கியிருக்க மாட்டா" என்று சொல்லி நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன், இரண்டு கைகளாலும்.